நெல்லுப் போடக் கேட்ட வீடு

சூறாவளியில எங்கட பக்கத்துத் தென்னையெல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சு படுத்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட வளவுல விழுந்த ஒரு மரத்துட குழியிலயே அம்மா ஒரு தென்னங்கண்டு வச்சவ. அந்தக் கண்டு முதல் பாளை விட்ட வருசம் தான் நான் சொல்லப் போற வருசம். ஆண்டு என்ன எண்டு கேட்டா எனக்குச் சொல்ல வராது. ரெண்டாம் வகுப்போட மாட்டுக்குப் பின்னால போனவன் நான். அப்ப எனக்கு ஒரு பத்து வயசு இருக்கும். பாளை வெடிச்ச அண்டைக்கு அம்மா அந்த மரத்துக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சவ. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சவ, "என்னம்மா, மரத்துக்குச் சாமத்தியச் சடங்கா?" எண்டு. அக்காட சிரிப்பு அப்ப அப்பிடி. வேலிக்கு அங்கால போற ஆளும் நிண்டு திரும்பிப் பார்க்கும்.

எங்கட வீட்ட ஊர்ல துறையடி வீடு எண்டு தான் சொல்றது. வவுணதீவுக்குத் தெக்கால, ஆத்துக்கு ஒட்டின வளவு. படிச்ச ஆக்கள் வாவி எண்டுவாங்க, நாங்க ஆறு எண்டு தானே சொல்லி வளர்ந்த. மேக்குக்கரை படுவான்கரையில இருந்து கிழக்குக்கரை எழுவான்கரைக்கு, டவுணுக்குப் போறதெண்டா எங்கட வேலியடியில தான் தோணி ஏற வேணும். விடியச் சாமம் போகத் துடுப்புத் தட்டுற சத்தம் கேக்கும். பொறகு விறகு, தயிர்ச் சட்டி, நெல்லு மூட்டை எல்லாம் இறங்கும். கரைச் சதுப்புல நிக்கிற கண்ணா மரத்து வேருக்குள்ள சேறு ஒரு மணம் மணக்கும். புதுசா வாற ஆக்கள் மூக்கைப் பொத்துவாங்க. எனக்கு அது சோத்து மணம் மாதிரி. இண்டைக்கும் எங்கயாவது அந்த மணம் அடிச்சா எனக்குப் பசிக்கும்.

சூறாவளிக்கு முந்தி அது தென்னோலைக் கிடுகு வேஞ்ச வீடு. காத்து கூரையத் தூக்கிக்கொண்டு போய் ஆத்துல போட்டுது. அம்மா காதுல கழுத்துல கிடந்ததெல்லாம் கழட்டிக் குடுத்துத் தான் ஓடு வாங்கினது. ரெண்டு தோணியச் சேத்துக் கட்டி ஓடு வந்து இறங்கினது எனக்கு நல்லா ஞாபகம். எல்லாற்ற காலும் செங்காவி. முதல் மழை பெய்யக்க அந்தப் புது ஓட்டுல இருந்து ஒரு வாசம் வந்தது பாருங்க, சுட்ட மண்ணுல தண்ணி பட்ட வாசம், அம்மா வாசல்ல நிண்டு கண்ண மூடிக்கொண்டு அதை இழுத்து இழுத்து மூச்சு விட்டவ. வாசலுக்கு முதிரைப் பலகையில ரெட்டைக் கதவு. அது சூறாவளிக்கும் அசையாத கதவு. திறந்தா அடுத்த வளவுக்குக் கேக்கும்.

இதெல்லாம் ஏன் சொல்றன் எண்டா, அந்த வீட்ட விக்கிறதா வேணாமா எண்டு தான் அந்த வருசம் முழுக்க எங்கட வீட்டுல கதை.

துறைக்கு அங்கால, எங்கட கரையிலயே, ஆமிக் கேம்ப் வந்து உக்காந்திட்டுது. எங்க ஒரு வெடி கேட்டாலும் பச்சை உடுப்புக்காரர் முதல்ல வந்து ஏறுறது எங்கட வளவுக்குள்ள தான். துறையத் தாண்டினா முதல் வீடு தானே. அரிசிப் பானைக்குள்ள கைய விட்டுப் பார்ப்பாங்க. அப்பாவ வெளிய கூப்பிட்டு முட்டுக்கால்ல வைப்பாங்க. ஒருக்கா அக்காட உடுப்புப் பொட்டியக் கொட்டி, சப்பாத்துக் காலால கிளறிப் பார்த்தாங்க. அண்டைக்கு அக்கா அந்த உடுப்பெல்லாம் ஆத்துல கொண்டு போய்த் துவைச்சவ. ஊத்தையில்லாத உடுப்பு. அப்பா பார்த்துக்கொண்டு நிண்டவர். அண்டைக்குத் தான் எண்டு நினைக்கன், அவர் விக்க வேணும் எண்டு நினைச்சது.

வாங்கக் கேட்டது ஏறாவூர்க் காக்கா. வயசு போன முஸ்லிம் ஆள், நெல்லு யாவாரி. வெள்ளாமை வெட்டு முடிய எங்கட பக்கம் வந்து களத்துலயே நெல்லு வாங்கி, தோணியில ஏத்தி, அங்கால லொறியில போட்டுக் கொண்டு போவார். வெள்ளைச் சாரன், தொப்பி, கையில எப்பவும் ஒரு குடை. மழையில்லாத நாளும் அந்தக் குடை இருக்கும். எங்களுக்கு இனிப்புக் கொண்டு வருவார். அக்காவ "மகள்" எண்டு தான் கூப்பிடுவார். வந்தா முத்தத்துல கவிழ்த்து வச்ச பழைய தோணியில தான் இருப்பார்.

"தங்கச்சி, தேத்தண்ணிய நல்லாச் சாயம் இறங்க ஊத்துங்க. போன முறை தந்தது ஆத்துத் தண்ணி மாதிரிக் கிடந்திச்சு."

"காக்கா, நீங்க தந்த நெல்லு விலைக்கு ஆத்துத் தண்ணி தான் வரும்."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். அப்பாவும் சிரிச்சார். பொறகு அவர் குடையால மண்ணுல கீறிக்கொண்டே அப்பாட்டச் சொன்னார், "தம்பி, இந்த ஊட்ட எனக்குத் தாங்க. நல்ல விலை தாறன். நீங்க உள்ளுக்கு வயல் வட்டைப் பக்கமா ஒரு துண்டுக் காணி எடுத்துட்டுப் போங்க. கேம்புக்கும் உங்களுக்கும் நடுவுல நாலு வயல் கிடக்கட்டும்."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையோட அப்பிடியே நிண்டவ. "பயமெண்டா உங்களுக்கும் பயம் தானே காக்கா? நீங்க என்னத்துக்கு வாங்கிற?"

"எனக்கு இது நெல்லுப் போட, தங்கச்சி. நெல்ல ஆரும் வரிசையில நிப்பாட்ட மாட்டானுகள். நெல்லுட்ட ஊர் கேக்க மாட்டானுகள். இப்ப நான் கேக்கிறன். இன்னம் ஒரு வருசம் போனா இத வாங்க ஆள் வராது. எனக்கும் வர ஏலாமப் போகும்."

அம்மாக்கு அது பிடிக்கல்ல. அவர் போன உடனே சொன்னவ, "பயங்காட்டி வாங்கப் பார்க்கார். துறை வளவு எல்லாருக்கும் ஆசை தான்." எனக்கும் அப்ப அப்பிடித் தான் பட்டுது. அவர் தந்த இனிப்பக் கூட நான் தின்னாம வேலிக்கு அங்கால எறிஞ்சன். அது சீனிப் பாகுல போட்ட மஞ்சள் இனிப்பு. எறும்பு மொய்ச்சுக் கிடந்தது. பொறகு போய்ப் பார்த்துக் கவலைப்பட்டன், இனிப்புக்காக.

இஞ்ச ஒண்டு சொல்ல வேணும். எங்கட ஆக்கள்ல வீடு எண்டுறது பொம்பிளைட சொத்து. உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, ஆனா இப்பத்தப் புள்ளைகள் அதக் கூட மறந்திட்டுகள். அம்மாக்கு அவட அம்மா குடுத்த வளவு, அது அம்மாட மூத்த மகளுக்கு. ஆம்பிள எண்டா கல்யாணம் முடிய ஒரு பொட்டியத் தூக்கிக்கொண்டு மனிசிட வீட்டுல போய் ஏறுறது தான். அப்பாவும் தெக்கால இருந்து அப்பிடி வந்து ஏறின ஆள். சண்டை பிடிச்சா அப்பா தான் தோளுல துவாயப் போட்டுக்கொண்டு வெளிய போவார். அம்மா போக மாட்டா. அவட வீடு தானே.

அதால அப்பா "விப்பம்" எண்டு சொன்னாலும் அது பாதிச் சொல்லுத் தான். மீதிச் சொல்லு அம்மாட. அம்மாட சொல்லுக்கு மேல அம்மாட அண்ணன், எங்கட மாமா.

மாமா வந்தார். வெத்திலை வட்டாவ நடுவுல வச்சுப் போட்டு மூணு பேரும் இருந்தாங்க. அந்த வட்டா பித்தளை, விளிம்புல மயில் வெட்டினது. அக்காவும் நானும் குசினிக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டிருந்தம்.

அப்பா சொன்னார், "மச்சான், ஓடும் சுவரும் போனா திரும்பக் கட்டலாம். ஆக்கள் தான் முக்கியம். வித்துப் போட்டுப் போவம்."

"வித்தா காசு தானே மச்சான் கையில நிக்கும். காசு எத்தினை நாளைக்கு நிக்கும்? நாளைக்கு மாப்பிள்ளை கேட்டு வாறவன் 'பொம்பிளைக்கு வீடெங்க?' எண்டு கேட்டா என்னத்தக் காட்டிற? சேப்பக் காட்டிறயா?"

"வட்டைப் பக்கம் ஒரு கொட்டில் போட்டுக் குடுப்பம்."

"கொட்டிலுக்கு ஆர் வருவான்? மாடு தான் வரும்."

அக்கா எனக்குப் பக்கத்துல வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சவ. பொறகு அம்மா பேசினவ. அம்மா சத்தம் போடல்ல. "இது என்ட இல்ல. அவளுக்கு எண்டு சொன்ன வீடு. அவள்ட சாமான நான் எப்பிடி விக்க?" எண்டவ. மாமா தொடையில தட்டினார். "இந்தப் பிரச்சினை என்ன, தைப்பொங்கலுக்குள்ள முடிஞ்சிரும். ரெண்டு பக்கமும் இருந்து கதைக்கிறாங்க எண்டு ரேடியோவுல சொல்றானே. பொறுங்க. அதுக்குள்ள புள்ளைக்கு ஒரு மாப்பிள்ளையப் பார்ப்பம். வீட்ட அவள்ட பேர்ல எழுதுவம். பொறகு விக்கிறதோ வச்சிருக்கிறதோ, அவளும் அவள்ட புருசனும் முடிவெடுக்கட்டும். ஒரு ஆம்பிள கூட இருந்தா வீட்டுக்கும் ஒரு காவல்."

காவல் எண்டு சொன்னார் பாருங்க. அந்தக் காலத்துல பொடியன்மார் இருக்கிற வீட்டுக்குத் தான் ஆபத்து, இயக்கம் எண்டு ஆமி பிடிச்சுக்கொண்டு போகும். அதைப் பெரியாக்கள் ஒருத்தரும் நினைக்கல்ல. சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் வீட்டக் காத்த பழக்கத்துல, ஆம்பிள எண்டா காவல் எண்டு தான் அவங்கட மண்டையில. அப்பா மட்டும் வெத்திலைக் காம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். அவருக்குப் பக்கத்துல காம்பு குவிஞ்சு கிடந்தது. நான் தான் பொறகு கூட்டினன்.

மாப்பிள்ளை வடக்கால கடற்கரை ஊர், கதிரவெளியில இருந்து வந்தார். மாமா கருவாடு எடுக்கப் போற இடத்துல கண்டு பிடிச்ச ஆள். கடல் தொழில். கறுத்த, உயர்ந்த, கூச்சமான மனுசன். கல்யாணம் நல்ல பகல்ல நடந்தது, பொழுதுபடுமுன்ன எல்லாரும் வீட்டுக்குப் போகவேணும் எண்டு. துறையில அவர் தோணியால இறங்கக்க பொம்பிளையள் குரவை போட்டாங்க. கேம்புல இருந்து ரெண்டு பேர் ஓடி வந்து துவக்க நீட்டிக்கொண்டு நிண்டாங்க, என்ன சத்தம் எண்டு. குரவை நடுவுல அறுந்து போச்சு. மாமா ஓடிப் போய் பலகாரம் குடுத்துச் சமாளிச்சார். பொறகு திரும்பவும் குரவை போட்டாங்க, ஆனா அது முன்ன மாதிரி இல்ல. ஒரு பொம்பிளை கூடச் சரியா நாக்க மடிக்கல்ல.

அத்தான் கொண்டு வந்தது ஒரு நீலத் தகரப் பொட்டி. அதுக்குள்ள நாலு உடுப்பு, வலை பின்னுற ஊசி, ஒரு கட்டு நூல். அவர்ட உடுப்புல இருந்து கடல் உப்பும் கருவாடும் கலந்த ஒரு மணம். அம்மா வேலியில காயப் போட்டு எடுத்தாலும் போகாது. அக்கா அந்தச் சேட்ட மடிக்கக்க மூக்குல வச்சுப் பார்த்ததை நான் கண்டன். "என்னடா பார்க்கிறாய்?" எண்டு தலையில குட்டினவ.

என்னை அவர் "மச்சான்" எண்டு கூப்பிடுவார். பத்து வயசுப் பொடியன ஒரு வளந்த மனுசன் மச்சான் எண்டு கூப்பிட்டா எப்பிடி இருக்கும்? நான் நெஞ்ச நிமித்திக்கொண்டு திரிஞ்சன். எங்கட ஊர் ஆக்கள் அவர விடாமப் பகிடி பண்ணுவாங்க. கடல்ல அலையோட சண்டை பிடிச்ச மனுசனுக்கு ஆத்துல கம்பு ஊண்டித் தோணி தள்ளத் தெரியல்ல. முதல் நாள் கம்பு சேத்துல மாட்டிக்கொண்டுது, தோணி போயிட்டுது, அத்தான் கம்பைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஆத்து நடுவுல தொங்கினார். துறையில நிண்ட கிழவன்மார் எல்லாம் கத்தினாங்க.

"மாப்பிள்ளை, இறங்கி நடங்க! முழங்கால் தண்ணி!"

"முதலை இருக்கும் எண்டாங்க!"

"முதலை கதிரவெளி ஆக்களத் தின்னாது மாப்பிள்ளை, உப்புக் கூடிப் போச்சு!"

அப்பா தான் தோணிய எடுத்துக்கொண்டு போய் ஏத்தினார். அப்பா அப்பிடிச் சிரிச்சு நான் அதுக்குப் பொறகு காணல்ல. வாற வழியில சொன்னாராம், "நானும் வந்த புதுசுல இப்பிடித் தான் மருமகன். வந்து ஏறின ஆக்களுக்கு ஒரு வருசம் பகிடி தான். பொறகு இந்த ஊர் ஆள் ஆகிருவீங்க." அத்தான் அதை அக்காட்டச் சொல்ல, அக்கா என்னட்டச் சொன்னவ.

எங்கட வழக்கப்படி அம்மாவும் அப்பாவும் நானும் வளவுல பின் பக்கமா ஒரு சின்னக் கொட்டில் போட்டு அதுக்குள்ள போனம். பெரிய வீடு அக்காட. அக்கா முதிரைக் கதவுக்குத் தேங்காயெண்ணெய் பூசினவ. அந்தக் கதவு சத்தம் குறைஞ்சு போச்சு. எனக்கு அது ஒரு மாதிரியா இருந்தது, ஆரோ ஊமையாப் போன மாதிரி.

வெள்ளாமை கதிர் தள்ள முந்தின குடலைப் பருவத்துல நிக்கக்க ஏறாவூர்க் காக்கா திரும்ப வந்தார். இந்த முறை அவர் தோணியில இருக்கல்ல, நிண்டுகொண்டே கதைச்சார். குடைய ரெண்டு கையாலும் பிடிச்சிருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க தான் இப்ப ஊட்டுக்காரன். உங்களுட்டக் கேக்கன். இன்னம் எடுப்பன் நான். நாளைக்குப் பணம் தாறன். நீங்க மகளையும் கூட்டிட்டு உள்ளுக்குப் போங்க."

அத்தான் தலையச் சொறிஞ்சார். "காக்கா, நான் வந்து ஏறி இன்னம் ஒரு வெட்டுக் காணல்ல. வந்த மருமகன் மனிசிட வீட்டத் திண்டு போட்டான் எண்டு சொல்ல மாட்டாங்களா? கதிரவெளியில எங்கட அம்மாக்குத் தான் அது கேவலம். இந்த வெட்டு முடியட்டும். பொறகு மாமா மாமியோட கதைச்சு ஒரு முடிவு சொல்றன்."

காக்கா அவர்ட தோளுல தட்டினார். "நல்ல புள்ள," எண்டார். "நல்ல புள்ளையள் தான் இதுல மாட்டுற. அல்லாட காவல்." அப்பிடியே போயிட்டார். தேத்தண்ணியும் குடிக்கல்ல.

அம்மா அண்டைக்கு அத்தானுக்கு முட்டை பொரிச்சு வச்சவ. மருமகன் வீட்ட விட்டுக் குடுக்கல்ல எண்டு அவக்குப் பெருமை. அக்காவும் பெருமையாத் தான் இருந்தவ. அப்பா மட்டும் சாப்பிட்ட கையோட முத்தத்துல நிண்டு துறையப் பார்த்துக்கொண்டு நிண்டார். கை காஞ்சு போற வரைக்கும் நிண்டார்.

இன்னொண்டும் நடந்தது. அத்தான்ட அடையாள அட்டையில ஊர் கதிரவெளி எண்டு தான் கிடந்தது. அதை மாத்த வேணும் எண்டு அத்தானே ஒரு நாள் கேட்டார். மாமா சொன்னார், "அதுக்கென்ன அவசரம்? வீட்டு விசயம் ஒரு முடிவுக்கு வரட்டும். வித்துப் போட்டு உள்ளுக்குப் போறதெண்டா திரும்பவும் மாத்த வேணும். ஒரு வேலைய ரெண்டு தரம் செய்யிறயா?" அது சரி தானே எண்டு எல்லாருக்கும் பட்டுது. இப்ப யோசிச்சாலும் அதுல என்ன பிழை எண்டு எனக்குச் சொல்லத் தெரியா. நியாயமான கதை தான்.

வெட்டுக்கு முந்தி, பனி இறங்கின ஒரு காலமை ஆமிக்காரர் ஊரச் சுத்தி வளைச்சாங்க. துறைப் பக்கமும் வட்டைப் பக்கமும் ஒண்டாத் தான் வந்தாங்க. ஆம்பிளை எல்லாரையும் கோயிலடி வெளிக்கு வரச் சொன்னாங்க. அத்தான் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கையக் கூடச் சரியாக் கழுவல்ல. அக்கா சேட்ட எடுத்துக் குடுக்க, "பயப்பிடாத புள்ள, அட்டை இருக்குத் தானே," எண்டு சேட்டுச் சேப்பத் தட்டிக் காட்டிப் போட்டுப் போனார்.

ஆம்பிளையள வெயில்ல வரிசையாக் குந்த வச்சாங்க. பொம்பிளையளும் சின்னப் புள்ளையளும் அரச மரத்துக்குக் கீழ. நான் அக்காவோட இருந்தன். எங்களுக்குச் சரி முன்னால தான் மேசை போட்டிருந்தாங்க. அட்டைய வாங்கிப் பார்க்கிறவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஒவ்வொருத்தராப் போய்க் காட்டினாங்க. அத்தானுக்கு முன்னால போன எல்லாற்றயும் இந்த ஊர். பார்க்கிறான், குடுக்கிறான். அத்தான்ட முறை வந்தது.

"ஊர் கதிரவெளி?"

"ஓம் ஐயா."

"இங்க என்னா செய்யிறது?"

"மனிசிட வீடு ஐயா. கட்டி வந்தன்."

"கட்டினா மனிசி தானே அங்க வரணும்? நீ எதுக்கு இங்க வந்தது?"

"எங்கட ஆக்கள் அப்பிடித் தான் ஐயா. வீடு பொம்பிளைக்கு. ஆம்பிளை தான் போறது."

அவன் திரும்பி அவங்கட பாசையில மற்றவங்களுக்குச் சொன்னான். மூணு நாலு பேர் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்ப நான் கனக்க நாள் யோசிச்சிருக்கன். அதுல கோவம் இருக்கல்ல. பச்சைப் பொய்யக் கேட்டா வாற சிரிப்பு. அவங்கட ஊர்ல மனிசிட வீட்டுல போய் இருக்கிற ஆம்பிளை எண்டா வக்கில்லாதவன் எண்டு நினைப்பாங்களாம், பொறகு ஆரோ சொன்னாங்க. அவங்களுக்கு எங்க விளங்கப் போகுது, எங்கட ஊர்ல அரைவாசி ஆம்பிளை அப்பிடி வந்து ஏறினது தான் எண்டு.

அப்பா வரிசைய விட்டு எழும்பினார். எழும்பக் கூடாது. எழும்பினார்.

"ஐயா, அது என்ட மருமகன். பொய்யில்ல ஐயா. நானும் அப்பிடி வந்தவன் தான். என்ட ஊரும் இது இல்ல."

அவன் அப்பாட அட்டைய வாங்கிப் பார்த்தான். அதுல இந்த ஊர் தான் கிடந்தது. அப்பா எப்பயோ மாத்தினவர்.

"இதுல இங்க எண்டு போட்டிருக்கு. பொய் சொல்றது நீ."

அப்பாவ அடிச்சாங்க எண்டு சொல்ல ஏலா. தோளுல பிடிச்சு ஒருக்காத் தள்ளினாங்க, அவ்வளவு தான். விழுந்த இடத்துல அப்பிடியே முட்டுக்கால்ல வச்சாங்க. அத்தான ட்ரக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. வேற ஊர் அட்டை எண்டு இன்னும் ரெண்டு பேர் போனாங்க, அதுவும் கட்டி வந்த ஆக்கள் தான். அக்கா எழும்பி ஓடினவ. ஒரு துவக்கக் குறுக்க நீட்டினாங்க, அவ அதைப் பிடிச்சுக்கொண்டு, "அது என்ட வீடு, என்ட வீட்டுக்குத் தான் வந்தவர், என்ட வீடு," எண்டு சொல்லிக்கொண்டே நிண்டவ. ட்ரக்குப் பின்னால இருந்து அத்தான் என்னத்தையோ சொன்னார். இஞ்சின் சத்தத்துல கேக்கல்ல. அக்கா கனக்க வருசம் என்னட்டக் கேட்டவ, "உனக்குக் கேட்டதா, என்ன சொன்னவர்?" எண்டு. எனக்குக் கேக்கல்ல.

வீட்ட வந்து பார்த்தா வெட்டின மீனைப் பூனை திண்டு போட்டுது. அரிவாளுல செதிள் காஞ்சு ஒட்டிக் கிடந்தது.

அம்மாவும் அக்காவும் கேம்ப் வாசலுக்குப் போனாங்க. "அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல." அடுத்த கேம்புக்குப் போனாங்க. அங்கயும் இல்ல. கதிரவெளியில இருந்து அத்தான்ட அம்மா வந்தவ. துறையில இறங்கக்கையே தலையில அடிச்சுக்கொண்டு வந்தவ. எங்கட அம்மாவப் பார்த்து ஒரு கேள்வி தான் கேட்டவ: "என்ட புள்ளைய உங்கட வீட்டுக்குத் தானே தந்தன்?"

ஏறாவூர்க் காக்காவும் தேடினார். அவருக்கு அங்க இங்க ஆக்களத் தெரியும். நெல்லு வாங்கிறத விட்டுப் போட்டுத் திரிஞ்சார். ஒண்டும் கிடைக்கல்ல. கடைசியா ஒரு நாள் வந்து வேலிக்கு வெளிய நிண்டார், உள்ளுக்கு வரல்ல.

"தம்பி, இப்பவும் அதே விலைக்கு எடுக்கன். நெல்லுப் போடாட்டியும் பரவாயில்ல. நீங்க மகளைக் கூட்டிட்டுப் போயிருங்க. இந்தத் துறையப் பார்த்துட்டு இரிக்கிறது அவளுக்குக் கூடாது."

அம்மா கொட்டிலுக்குள்ள இருந்து கத்தினவ, "எங்கட கண்ணீர் இன்னம் காயல்ல, விலை பேச வந்திட்டாரு!" எண்டு. காக்கா தலையக் குனிஞ்சுகொண்டு நிண்டார். அப்ப அக்கா பெரிய வீட்டு வாசலுக்கு வந்தவ. அதுவரைக்கும் அவ காக்காட்ட நேர நிண்டு கதைச்சதில்ல.

"காக்கா, நீங்க எங்கட நன்மைக்குத் தான் சொல்றீங்க. ஆனா அவர் வந்தா எங்க வருவார்? இந்த ஊர்ல அவருக்கு இந்த வீடு மட்டும் தான் தெரியும்."

காக்கா குடைய விரிச்சு முகத்த மறைச்சுக்கொண்டு துறைக்கு இறங்கினார். வெயில் கூட இல்ல. பொறகு அவங்கட ஆக்களுக்கும் எங்கட ஆக்களுக்கும் சண்டை மூண்டுது. அவர் சொன்ன மாதிரியே, அவருக்கு வர ஏலாமப் போச்சு. அவர்ட நெல்லுக் கடையும் எரிஞ்சதாம். அவர் எப்ப மௌத்தானார் எண்டு கூட எனக்குத் தெரியா. எங்களுக்கு அந்த வருசம் சரியான புத்தி சொன்ன ஒரே மனுசன் அவர் தான். அவரத் தான் அம்மா சாகும் வரைக்கும் கண்ணூறுக்காரன் எண்டு பேசினவ.

கேளுங்க, அப்பா அதுக்குப் பொறகு விக்கிற கதையே எடுக்கல்ல. மாமா தான் எடுத்தார், "இனி வித்திருவம்," எண்டு. அக்கா ஏலா எண்டவ. வீடு அவட பேர்ல தானே. முன்ன அவளுக்காக எண்டு விக்காம வச்சது. இப்ப அவள் விக்க விடல்ல.

பொறகு ஒரு பெரிய ஓட்டம் வந்தது, உங்களுக்கும் தெரியும், ஊரோட காட்டுக்குள்ள போய்க் கிடந்தமே. அக்கா எடுத்துக்கொண்டு ஓடினது அந்த நீலத் தகரப் பொட்டி மட்டும் தான். வந்து பார்த்தா ஓட்டக் கழட்டிக்கொண்டு போயிட்டாங்க. முதிரைக் கதவுமில்ல, மயில் வட்டாவுமில்ல. சுவர் மட்டும் நிண்டுது. மாரி மழை அதையும் கரைச்சுப் போட்டுது. அக்கா அந்த மேட்டுலயே நாலு தகரத்த வச்சு ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தவ. எத்தினை பேர் வந்து கேட்டாங்க, வேற கல்யாணம் முடி எண்டும் கேட்டாங்க. "எனக்குப் புருசன் இருக்கு," எண்டுவா. அவ்வளவு தான்.

இப்ப ஹோட்டல் கட்டிற ஆக்கள் திரியிறாங்க. ஆத்தப் பார்த்த வளவெண்டா கேக்கிற விலை குடுப்பாங்களாம். அக்காக்கு இப்ப ஒரு கண் இருட்டிப் போச்சு, மற்றதும் மங்கல். போன கிழமை நான் சோறு கொண்டு போனன். பாதி திண்டு போட்டுச் சொன்னவ, "தம்பி, வித்திருவமா?" எண்டு. இத்தினை வருசத்துல அவ வாயில அந்தச் சொல்லு வந்ததேயில்ல.

"ஏன் அக்கா இப்ப?"

"அவர் வந்தாலும் எனக்கு இப்ப முகம் தெரியாது. நான் இஞ்ச இருந்து என்ன? உன்னோட வந்து இருக்கன். ஆனா கதிரவெளிக்குச் சொல்லிப் போட்டு வித்திரு. சொல்லாம வித்தா அவர் வந்து நிண்டு தேடுவார்."

நான் கதிரவெளிக்குப் போனன். அத்தான்ட வீடு இருந்த இடத்துல மணல் தான். கடல் வந்து ஒருக்கா அள்ளினது, பொறகு சண்டை வந்து மிச்சத்த அள்ளினது. அவர்ட அம்மா இல்ல. சொந்தக்காரர் ஒருத்தரையும் ஆருக்கும் தெரியல்ல. வலை இழுத்துக்கொண்டு நிண்ட பொடியன்மார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. ஆருட்டச் சொல்றது எண்டு தெரியாமத் திரும்பி வந்தன். அக்காட்ட, சொல்லிப் போட்டன் எண்டு சொல்லவுமில்ல, இல்ல எண்டு சொல்லவுமில்ல. வீடு இன்னம் விக்கல்ல.

அதால தான் உங்களுட்ட வந்தன். நீங்க அங்கால இங்கால போய் வாற ஆக்கள். வாகரைப் பக்கம் கருவாடு எடுக்கப் போறீங்க, கதிரவெளிக் கோயிலுக்குப் போறீங்க, கலியாணம், செத்த வீடெண்டு போறீங்க. போற இடத்துல கதிரவெளி ஆக்கள் ஆரையும் கண்டா சொல்லுங்க. அவங்க இன்னொருத்தருக்குச் சொல்லட்டும். வவுணதீவுக்குத் தெக்கால துறையடி வீட்டுக்குக் கட்டிப் போன ஒருத்தர், கறுத்து உயர்ந்த ஆள், ஆத்துல தோணி தள்ளத் தெரியாத ஆள். எங்க எண்டாலும் கண்டா சொல்லட்டும், அவர்ட மனிசி வீட்ட விக்கப் போறா எண்டு. அவ இனி தம்பிட்ட இருக்கா, வவுணதீவுச் சந்தியால உள்ளுக்குத் திரும்பி, நெல்லு ஆலைக்குப் பக்கத்து வீடு. ஆரைக் கேட்டாலும் காட்டுவாங்க. கேக்காம விக்கிறா எண்டு கோவிக்க வேணாமாம். நேர அங்க வரட்டுமாம்.